வெற்றுத் தோட்டாவும் வீட்டுச் சிக்கனமும்



பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்த குடும்பங்களுக்குச் சிக்கனம் பிறர் சொல்லிக் கொடுத்து வருவதன்று. வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம், பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊர் சென்று வரும் செலவு ஆகிய நான்கையும் ஒரே சம்பளத்துக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. ஆகையால், கைக்கு வந்த எப்பொருளையும் இரண்டாம் முறை பாராமல் எறிய நமக்கு மனம் வருவதில்லை. காலியான ஹார்லிக்ஸ் புட்டி மிளகாய்த் தூளுக்கு ஆகிறது; கிழிந்த வேட்டி அடுப்படித் துணியாகிறது; எண்ணெய் டின் துளசி வளர்க்கும் தொட்டியாகிறது. இப்பழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் எல்லாப் பொருளையும் ஒரே கண்ணால் பார்க்கலாகாது. ஒருமுறை பயன்பட்டு முடிந்த பின்னரும் தன் பழைய குணத்தை முற்றிலும் விடாத பொருள்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றி இம்மாதம் எழுதக் கருதுகிறோம்.

சங்கத்து அன்பர் ஒருவர் பழைய இரும்பும் பித்தளையும் வாங்கி விற்கும் தொழிலுடையவர். இவ்வூர் வழக்கில் அவருடையது 'ஆக்கிரிக் கடை'. கிழக்கே மலைத்தோட்டப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், சிவப்பும் பச்சையுமான பிளாஸ்டிக் குழாய்கள் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து எடைக்குப் போட முனைந்தாராம். ஒவ்வொன்றின் அடியிலும் பித்தளைப் பூண் பளபளத்ததாம். அன்பர் நம்மிடம் கேட்டார்: "சார், இது துப்பாக்கியில் சுட்டு முடிந்த கூடாம். வெளிநாட்டில் இதையே பொறுக்கி எடுத்து மறுபடி நிரப்பிச் சுடுகிறார்களாமே? வாங்கிப் போட்டால் பின்னால் விலை வருமா?" கேள்வி நியாயமானது. ஆகவே ஒரே சொல்லில் பதிலளித்து அனுப்பாமல், அறிந்தவற்றை வரிசையாகச் சொல்வதே முறை என்று எண்ணினோம்.

முதலில் அப்பொருள் யாதெனப் பார்ப்போம். அது ரவைத் துப்பாக்கித் தோட்டாவின் கூடு. ஒரே குண்டைச் செலுத்தும் ரைபிளைப் போலன்றி, ரவைத் துப்பாக்கி நூற்றுக்கணக்கான ஈய மணிகளை ஒரே வீச்சில் தெளிக்கும். இவ்வகையில் மிகுதியாக வழங்குவது பன்னிரண்டு போர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு அகலமுள்ள குழல் என்பதே அப்பெயரின் பொருள். ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர்.

தோட்டாவின் உள்ளமைப்பு ஆறு உறுப்புகளால் ஆனது. வெளியே பிளாஸ்டிக் கூடு. அடியில் பித்தளை அல்லது பித்தளைப் பூச்சிட்ட இரும்புப் பூண். பூணின் நடுவே கேப்பு. கேப்புக்கு மேல் மருந்து. மருந்துக்கும் ஈய ரவைக்கும் இடையே தக்கை. கேப்பு என்பதைப் பிள்ளைகளின் தீபாவளிக் கேப்புக்குத் தமையன் எனலாம். துப்பாக்கியின் ஊசி அதன் முதுகில் குத்தியவுடன் அது பொறி விடும். பொறி மருந்தைப் பற்றும். மருந்தின் புகை தக்கையைத் தள்ளும். தக்கை ரவையைச் சுமந்துகொண்டு குழல்வாய் வரை சென்று விலகும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிகின்றன. எஞ்சுவது வெறுங்கூடு மட்டுமே. சுட்ட கூட்டின் வாய் பூவிதழ் போல் விரிந்திருக்கும். கேப்பின் நடுவில் ஊசி குத்திய பள்ளம் தெரியும். இவ்விரு அடையாளங்களையும் நேயர்கள் நினைவிற்கொள்க. பின்னால் இவை உதவும்.

ஒரே இடத்தில் சாக்குச் சாக்காகக் கூடுகள் சேர்வது எங்ஙனம்? வேட்டையால் அன்று. இந்நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்த பின் வேட்டை பொழுதுபோக்காக இருந்த காலம் முடிந்தது. இன்று ரவைத் தோட்டாவை மிகுதியாகச் செலவிடுவது தட்டுச் சுடும் விளையாட்டு. ஆங்கிலேயர் இதனைக் 'களிமண் புறா' என்பார்கள். முற்காலத்தில் உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டனர். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அக்கொடுமை நடந்தது. ஆனால் அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே, 1880இல், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் புறாவுக்கு மாற்றாகச் சுட்ட மண் தட்டைச் செய்து காப்புரிமை பெற்றிருந்தார். பெயர் அன்று முதல் மண் தட்டு என நிலைத்துவிட்டது. இன்றைய தட்டில் மண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து அச்சிலிட்டு எடுத்தது அது. அகலம் 110 மில்லிமீட்டர். எடை 105 கிராம். நம் வீட்டுச் சிறு கிண்ண மூடி அளவுதான்.

இவ்விளையாட்டின் டிராப் என்னும் பிரிவில், சுடுவோருக்கு முன்னே பள்ளத்தில் பதினைந்து எந்திரங்கள் மறைந்திருக்கும். சுடுபவர் குரல் கொடுத்ததும் ஏதோ ஓர் எந்திரத்திலிருந்து தட்டு விசிறியெறியப்படும். எத்திசையில் வருமென்று முன்னரே தெரியாது. தடையின்றிப் போனால் 76 மீட்டர் தொலைவு சென்று விழக்கூடிய வேகம் அதற்கு. அது எட்டாத் தொலைவுக்குப் போகுமுன் கண்ணும் தோளும் விரலும் ஒன்றுபட வேண்டும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு; தகுதிப் போட்டிக்கு ஐந்து சுற்று, ஆக 125 தட்டு. முதல் வெடி தவறினால் இரண்டாவது வெடிக்கும் இப்பிரிவின் தகுதிச் சுற்றில் இடமுண்டு.

இவ்விளையாட்டு வெள்ளையருக்கும் சமஸ்தானாதிபதிகளுக்கும் மட்டும் உரியதென எண்ண வேண்டாம். பிக்கானீர் அரசர் கர்ணி சிங் 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளி வென்று இந்தியாவின் பெயரை அத்துறையில் பதித்தார். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், இரண்டு தட்டுகளை ஒருசேர எறியும் பிரிவில், ராணுவ அதிகாரியான ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2006இல் மான்வ்ஜித் சிங் சந்து டிராப் பிரிவில் உலக சாம்பியன் ஆனார். தமிழருக்கும் இதில் பங்குண்டு. புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான், 2023இல் சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் டிராப் குழுப் பிரிவில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து தங்கம் வென்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். தமிழ் மண்ணிலிருந்து ஒருவர் இவ்வுயரம் சென்றது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவதன்றோ?

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு நமக்குத் தொழில். போட்டித் தோட்டா ஒன்றில் 24 கிராம் ஈய ரவைக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. ஒரு தட்டுக்கு ஒரு வெடி வீதம் 125 வெடி எனக் கொண்டால், ஒருவர் ஒரு போட்டியில் வானில் தெளிக்கும் ஈயம் மூன்று கிலோ. அவர் காலடியில் விழும் கூடு 125. போட்டி ஆண்டில் சில நாள். பயிற்சியோ ஏனைய நாள்களிலெல்லாம். நாள் ஒன்றுக்கு நான்கு சுற்றுப் பயிற்சி செய்பவர் பத்து நாளில் ஆயிரம் தோட்டாவைத் தீர்த்துவிடுவார். புனேயை அடுத்த கட்கியில் உள்ள அரசாங்கத் தொழிற்சாலை 'சக்திமான்' என்னும் பெயரில் பன்னிரண்டு போர் தோட்டா செய்கிறது. ஆயினும் போட்டிக்காரர்கள் பெரும்பாலும் இத்தாலி முதலிய நாடுகளின் தோட்டாவை இறக்குமதி செய்தே சுடுகின்றனர். ஆகவே திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கு இவ்விளையாட்டின் வாயிற்படியிலே நிற்கும் காவலாளி துப்பாக்கியின் விலை மட்டுமன்று. நாள்தோறும் கரையும் தோட்டாவின் விலையுமே.

இவ்விடத்தில்தான் கூடு பொறுக்கும் வழக்கம் பிறந்தது. ஒரு தோட்டாவில் எரிந்து போவது மருந்தும் கேப்பும். பறந்து போவது ரவையும் தக்கையும். சேதமின்றி மிஞ்சுவது கூடு. அதனை எறிவானேன் என்று எண்ணியவர்கள் பலர். பழைய நாள்களில் கூடு மெழுகேற்றிய காகிதத்தால் ஆனது. மழைக்காலத்தில் ஈரம் பட்டால் ஊதிப்போகும், துப்பாக்கியில் நுழையாது. நம் கேரளத்து ஆடி மாத மழையில் அதன் கதி என்னவாயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் முழுப் பித்தளையால் ஆன கூடுகளும் வழங்கின. அவை விலை கூடியவை, ஆனால் பன்முறை நிரப்பத் தக்கவை. 1960இல் அமெரிக்காவின் ரெமிங்டன் கம்பெனி பிளாஸ்டிக் கூட்டைக் கொண்டுவந்தது. ஈரம் அதனை அணுகாது. நல்ல கூடானால் ஐந்தாறு தடவையும், சில அதற்கு மேலும் நிரப்பத் தாங்கும். அதன் பின் அந்நாட்டில் வீட்டுக் கொட்டகையில் சிறு கைப்பிடி எந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, வாரம் முழுவதும் மாலை வேளையில் நிரப்பி ஞாயிறு தோறும் சுடும் வழக்கம் பெருகிற்று.

அவர்கள் அதனைச் செய்யும் ஒழுங்கைக் கேட்டால், வீட்டுச் சிக்கனத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் விளங்கும். முதலில் கூடுகளைக் கம்பெனி வாரியாகப் பிரிக்கிறார்கள். ஏனெனில் வெளியே ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளளவு வேறுபடும். பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து ஆராய்கிறார்கள். வாய் வெடித்தது, ஊசித்துளை விழுந்தது, பூண் பிளந்தது, அடித்தக்கை தளர்ந்தது, சேற்றில் மிதிபட்டது ஆகியவை கழிக்கப்படும். தேறியவற்றின் பழைய கேப்பு தட்டி நீக்கப்படும். சுட்டபோது அழுத்தத்தில் அகன்ற பூண் வளையத்திலிட்டுப் பழைய அளவுக்கு இறுக்கப்படும். புதுக் கேப்பு, அளந்த மருந்து, தக்கை, அளந்த ரவை என்னும் வரிசையில் நிரப்பி, வாயை எட்டு மடிப்பாகவோ ஆறு மடிப்பாகவோ மடித்து மூடுவர். இன்ன கூட்டுக்கு இன்ன கேப்பு, இன்ன மருந்து, இத்தனை எடை என்று மருந்துக் கம்பெனிகள் அட்டவணை அச்சிட்டுத் தருகின்றன. அவ்வட்டவணையிலிருந்து ஓர் எழுத்தும் பிறழாமல் செய்வதே அங்குச் சாமர்த்தியம். மருந்து இரண்டு முறை விழுந்துவிட்டால் குழல் பிளக்கும். சுடுபவரின் கையும் கண்ணும் போகும். ஆகவே அவ்வேலை நடக்கும் மேசையருகே பேச்சில்லை, பீடியில்லை, பிள்ளைகளுக்கு அனுமதியில்லை.

இவ்வளவு பாடுபட்டும் பெரும் போட்டிக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த புதுத் தோட்டாவையே வீரர்கள் கையிலெடுக்கின்றனர். காரணம் எளிது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்கீட் கலப்பு இரட்டையர் பிரிவில், மகேஸ்வரி சௌகானும் அனந்த்ஜீத் சிங் நரூக்காவும் வெண்கலப் பதக்கத்துக்காகச் சீன இணையுடன் மோதி, 43க்கு 44 என்ற கணக்கில் தோற்றனர். ஒரே ஒரு தட்டு! ஒரு தட்டில் பதக்கம் போகும் இடத்தில், தோட்டாவைப் பற்றிய ஐயம் அணுவளவும் இருத்தலாகாது. நிரப்பிய கூடு பயிற்சிக்கு, புதியது பந்தயத்துக்கு. பழைய பட்டைக் கொல்லைப்புறத்தில் உடுத்துவோமே தவிர முகூர்த்தத்துக்கு உடுத்த மாட்டோம் அல்லவா?

அன்பரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். வெளிநாட்டு வழக்கம் உண்மை. ஆனால் அதனை இங்கே அப்படியே இறக்கிவிட முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா செய்வது பெருங்குற்றம். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பின் அதற்குரிய தண்டனை ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரையிலும் நீளலாம். அச்சட்டம் தோட்டா என்னும் சொல்லுக்குள் தோட்டாவின் உறுப்புகளையும், தோட்டா செய்யும் எந்திரத்தையும் அடக்கியே பொருள் கூறுகிறது. 'அப்படியானால் தெருவில் கிடந்த கூட்டை எடுத்த பிள்ளையும் குற்றவாளியோ?' என்று தாய்மார்கள் அஞ்ச வேண்டாம். அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, மற்ற உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமின்றி வைத்திருக்கும் சிற்றுறுப்புகளைச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்குகிறது. நோக்கமே அங்குத் தராசு. மேசைமேல் அலங்காரமாக நிற்கும் ஒரு கூடு வேறு. மருந்தும் ரவையும் கேப்பும் பக்கத்திலிருக்க அடுக்கி வைத்த நூறு கூடு வேறு.

ஆக்கிரிக் கடைக்காரர் எந்நோக்கமும் இல்லாதவர்தாம். ஆனால் அவர் நோக்கம் அவருக்குத் தெரியும். சோதனைக்கு வரும் அதிகாரிக்குத் தெரியாது. மொழி முழுதும் வசப்படாத ஊரில், எடைச்சீட்டும் இல்லாமல், விற்றவன் பெயரும் தெரியாமல் நிற்கும் தமிழன், நிரபராதியாயிருந்தும் எத்தனை நாள் அலைய நேரும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. ஆகவே அன்பருக்கு நாம் கூறியது இதுவே: சுடுகளத்தின் எழுத்துமூலமான சீட்டும் விற்பவரின் அடையாளமும் இல்லாமல் அச்சாக்கைத் தொட வேண்டாம், இருந்தாலும் காவல் நிலையத்துக்குத் தெரிவித்த பிறகே வாங்குக. பித்தளையில் வரும் சில ரூபாய் லாபம் வக்கீலின் முதல் நாள் கட்டணத்துக்குக் காணாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உயிர் அதனினும் பெரிது. சாக்கில் உள்ள ஆயிரத்தில் ஒன்று சுடாததாயிருந்தால்? வாய் விரியாமல் மடிப்பு மூடியே இருந்தால் அது உயிருள்ள தோட்டா. வாய் மூடியிருந்து, கேப்பில் மட்டும் ஊசிப் பள்ளம் விழுந்திருந்தால் அது இன்னும் கொடியது; குத்தியும் வெடியாமல் உள்ளே மருந்தை வைத்துக்கொண்டிருப்பது. அதனைப் பித்தளைக்காகச் சுத்தியலால் அடிப்பதும், பிளாஸ்டிக்கை எரித்து நீக்கத் தீயிலிடுவதும் எமனை விருந்துக்கு அழைப்பதாகும்.

'அறியாதவர்தாமே அவ்வாறு செய்வர்' என்று எண்ணலாகாது. 2025 மார்ச் மாதத்தில் நம் எறணாகுளத்திலேயே, காவல்துறையின் ஆயுதப்படை முகாமில், மரியாதை வேட்டுக்குரிய குண்டில்லாத் தோட்டாக்கள் ஈரம் பட்டிருந்தன என்று அவற்றைச் சமையற்கட்டில் சட்டியிலிட்டுச் சூடாக்கினர், அவை வெடித்தன. வெயிலில் உலர்த்த வேண்டியதை அவசரத்தில் அடுப்பிலேற்றியதன் விளைவு அது. சமையல் வாயு உருளைகள் இருக்கும் இடத்தில் நடந்தும் உயிர்ச்சேதம் நேராதது தெய்வாதீனம். ஆயுதத்தோடு பழகியவர் கையிலேயே அவ்வாறு நேருமானால், பழைய இரும்பு உடைக்கும் நம் பிள்ளைகள் கையில் எவ்வாறாகும்?

அதற்கும் சான்று உண்டு. 2004 செப்டம்பர் 30 அன்று டெல்லியை அடுத்த காசியாபாத்தில் ஓர் எஃகு ஆலையில், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பழைய இரும்போடு வந்திருந்த போர்க்காலக் குண்டுகள் வெடித்துப் பத்துத் தொழிலாளர் மாண்டனர். அதன் பின்னரே இறக்குமதியாகும் பழைய இரும்புக்குக் கடுமையான சோதனை விதிகள் வந்தன. பெரிய துறைமுகங்களில் விதி காக்கிறது. சிறிய கடையின் வாயிலில் கடைக்காரரின் கண்தான் காக்க வேண்டும். வெடிமருந்தின் இயல்பை நம் திருப்பூணித்துறை மக்களுக்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ? 2024 பிப்ரவரி 12 அன்று சூரக்காட்டில், கோயில் விழாவுக்குக் கொண்டுவந்த வாணவெடிகள் வெடித்து உயிர்ப்பலி நேர்ந்ததையும், சுற்றிலுமுள்ள வீடுகளின் கூரையும் கதவும் சிதறியதையும் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இத்துறையில் கணக்கு என்பது வெறுங்காகித வேலையன்று. காவல்துறையிலும் ராணுவத்திலும் சுட்ட கூட்டையும் எண்ணித் திருப்பித் தருவது முறை; கொடுத்தது எத்தனை, வந்தது எத்தனை என்று பொருந்தினால்தான் அன்றைய பயிற்சி முடிந்ததாகும். அக்கணக்குத் தளர்ந்தால் என்னவாகும் என்பதை 2020 பிப்ரவரியில் கேரள சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை காட்டிற்று. திருவனந்தபுரத்துச் சிறப்பு ஆயுதப்படையின் இருப்பில் 12,061 தோட்டாக்கள் குறைவதாக அது கூறியது. அதனால் எழுந்த வாதங்கள் பல. நாம் அவற்றுள் புகவில்லை. ஆனால் வெற்றுக்கூட்டைப் பற்றி அதிகாரிகள் ஏன் இத்தனை கண்ணாயிருக்கிறார்கள் என்பதற்கு இஃதொன்றே போதும்.

நம் ரயில்வேயிலும் இதற்கொப்பான வழக்கமுண்டு. இப்போது ரயில் மேலாளர் எனப்படும் கார்டின் பெட்டியில் டெட்டனேட்டர் என்னும் தகரச் சிமிழ்கள் சில இருக்கும். முன்னே ஆபத்து நேர்ந்தால் அவற்றைத் தண்டவாளத்தில் கட்டி வைப்பர். பின்னால் வரும் வண்டியின் சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். உள்ளங்கையில் அடங்கும் அச்சிமிழ் ஒவ்வொன்றுக்கும் கணக்குண்டு. வெடிக்கும் பொருளுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் உள்ள உறவை நமக்கு முதலில் கற்பித்தது அப்பெட்டிதான்.

ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு சொல். தோட்டாவோ பட்டாசோ, வெடிக்கும் பொருள் எதனையும் முறையான அறிவிப்பின்றி ரயிலில் கொண்டு செல்வதை 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவு தடுக்கிறது. 164ஆம் பிரிவின்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நேர்ந்த நஷ்டத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் இன்னும் கவனமாயிருத்தல் வேண்டும். விளையாட்டாகச் சாவிக்கொத்தில் கோத்த கூடொன்று நெடும்பாசேரிச் சோதனைக் கண்ணாடியில் தோட்டாவாகவே தெரியும். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் விமானம் புறப்பட்டுவிடும். பையின் மூலையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்குகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. அறிந்தே வைத்திருந்தார் என்று காட்ட முடியாதவற்றை அந்நீதிமன்றம் பலமுறை ரத்து செய்தது மெய். ஆனால் அத்தீர்ப்பு வரும் வரை போன வேலையை யார் திருப்பித் தருவார்?

இவ்வளவும் சொன்னதால், கூட்டை மறுபடி பயன்படுத்துவதே தவறு என்று நாம் கூறுவதாக எண்ண வேண்டாம். உரிமமும் பயிற்சியும் எந்திரமும் உள்ளவர், சட்டம் இடந்தரும் இடத்தில், தம் கூட்டைத் தாமே எண்ணி எடுத்து நிரப்புவது மெச்சத்தக்க சிக்கனம். நிரப்பத் தகாதவற்றையும் சுடுகளத்தார் பொறுக்கிப் பித்தளை வேறு, பிளாஸ்டிக் வேறாகப் பிரித்து முறையாக விற்பதே நன்று. களத்தில் விட்டால் பிளாஸ்டிக் மட்காது. வெளிநாடுகளில் சில களங்களில், நிலத்தில் படிந்த ஈய ரவையையே சில ஆண்டுகளுக்கொருமுறை மண்ணோடு வாரிச் சலித்து எடுக்கிறார்கள். இதில் லாபத்தைக் காட்டிலும் நன்மை பெரிது. ஈயம் நீரில் கலந்தால் நஞ்சு. நீர்ப்பறவைகள் அதனைக் கூழாங்கல் என்று கருதி விழுங்கிச் சாகின்றன. அதனாலேயே அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991இல் தடுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2023 பிப்ரவரி முதல் சதுப்பு நிலங்களில் அதற்கு இடமில்லை. காயலும் கண்டலும் சூழ்ந்த கொச்சியில் வாழும் நமக்கு இச்செய்தி அந்நியமானதன்று.

ஈயத்தைப் பற்றிச் சொல்லும்போது வீட்டுக்கும் ஒரு வார்த்தை. பழைய பாட்டரி, ஈயத்துண்டு, சுட்ட கூடு ஆகியவற்றைக் கையாண்டு வீடு திரும்பும் ஆடவர், குழந்தையைத் தூக்குமுன் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும். வேலைச் சட்டையை வேறாகத் துவைத்தல் வேண்டும். ஈயத்தூள் பெரியவர் உடம்பைக் காட்டிலும் சிறு பிள்ளையின் மூளையையே விரைவில் தாக்கும். வாத்துருத்தி போன்ற இடங்களில் ஒரே அறையில் கடையும் குடித்தனமும் நடத்தும் சகோதரர்கள் இதனை அருள்கூர்ந்து மனத்திற்கொள்க.

முடிவாக, வீட்டுச் சுவரில் எழுதி வைக்கத்தக்க நான்கு விதிகள்:

ஒன்று: வாய் மூடிய தோட்டாவைக் கண்டால் தொடாதீர், எடுத்து விட்டீரானால் ஆட்டாமல் கீழே வைத்து விலகி, 112 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். ரயில் நிலையத்திலோ வண்டியிலோ கண்டால் 139.

இரண்டு: வாய் விரிந்த கூடானாலும் தீயிலிடாதீர், சுத்தியலால் அடிக்காதீர், ஆணியால் கேப்பைக் குத்தாதீர்.

மூன்று: பிள்ளைகள் சுடுகளத்திலிருந்தோ முகாமிலிருந்தோ கூடு கொண்டு வந்தால், அடித்துத் துன்புறுத்தாமல் எங்கே எடுத்தாய் என்று கேட்டு அறிந்து திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். அடிக்கு அஞ்சிய பிள்ளை அடுத்த முறை ஒளித்து வைப்பான்.

நான்கு: பழம்பொருள் வாங்குவோர், விற்பவரின் பெயரும் தேதியும் எடையும் எழுதாமல் எதையும் வாங்க வேண்டாம். அரையணா நோட்டுப் புத்தகம் என்று அந்நாளில் சொல்வார்களே, அதைப் போன்ற சாதாரண நோட்டு ஒன்று போதும்.

இந்நான்காம் விதியை வாசித்துச் சிலர் புன்னகைக்கக்கூடும். குமாஸ்தா எழுதினால் கடைசியில் ரிஜிஸ்தரில்தான் வந்து நிற்பார் என்பார்கள். இருக்கட்டும். அயலூரில் வாழும் நமக்கு எழுதி வைத்த ஒரு வரி, கூட நிற்கும் உறவினர் ஒருவருக்குச் சமம். எழுதப் பழகாத கடைக்கார அன்பர்களுக்கு அந்நோட்டை எழுதிக் கொடுக்க, உயர்பள்ளியில் படிக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதுவே பெருந்தொண்டு. விருப்பமுள்ள பிள்ளைகளும் தேவையுள்ள கடைக்காரர்களும் சங்கக் காரியாலயத்தில் பெயர் கொடுத்தால், யாருக்கு யார் என்று அமைத்துத் தருவதை நாமே ஏற்றுக்கொள்கிறோம்.